பாடைக்குத் தோள் கொடுத்தவர்

நஞ்சுண்டசாமியை நான் முதலில் பார்த்தது ஒரு சாவு வீட்டில். அப்போது எல்லையோரத் தமிழ் ஊரான மார்டள்ளியிலிருந்து மைசூருக்கு அரசியல் அறிவியல் எம்.ஏ. படிக்க வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அக்ரஹாரம் என்ற பகுதியில் ஸ்கூட்டர் பழுது பார்க்கும் லிங்கப்பண்ணன் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். அவர் மனைவி கெம்பம்மா ஒரு காலையில் மாரடைப்பில் போய்விட்டார். அவர்களின் சொந்த ஊரான ஹனூரிலிருந்து பங்காளிகள் வருவதற்குள் வார்டு கவுன்சிலர் நஞ்சுண்டசாமி வந்துவிட்டார்.

வந்ததும் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"என்ன படிக்கற தம்பி?"

சொன்னேன்.

"அரசியலுக்குப் படிப்பு வேறயா?" என்றார், சிரிக்காமல்.

ஐஸ் பெட்டி, தப்பட்டை, வண்டி எல்லாம் அவர் ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் பாடையின் முன்தோள் பங்காளிக்கு உரியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஹனூர் ஆட்களைக் காணோம்.

"நான் உனக்குப் பங்காளி இல்லியா லிங்கா?"

அழுதுகொண்டிருந்த லிங்கப்பண்ணன் சரியென்று தலையாட்டிவிட்டார். நஞ்சுண்டசாமி முன்தோள் கொடுத்தார்.

அடுத்த ஏழெட்டு வருடங்களில் நஞ்சுண்டசாமி எம்.எல்.ஏ. ஆனார், பிறகு எம்.பி., அப்புறம் டெல்லியில் இணை மந்திரி. பல்கலைக்கழகத்தில் இதற்குச் சாதிக் கணக்கு, கூட்டணிக் கணக்கு என்றெல்லாம் விளக்கம் சொன்னார்கள். ஆராய்ச்சிப் படிப்பு என்று அதே மாடியறையில் தங்கிவிட்ட நான் பார்த்தது வேறு. ஒரு தேர்தலில் அவரை எதிர்த்து மனு போட்டவரின் தகப்பனார் இறந்தார். நஞ்சுண்டசாமி போய்த் தோள் கொடுத்தார். காரியம் முடியுமுன்பே அந்த ஆள் மனுவை வாபஸ் வாங்கிவிட்டார். யாரும் அவரை மிரட்டவில்லை.

மூன்று வருடம் முன்பு மந்திரி மகனின் கார், லிங்கப்பண்ணன் கடைக்கு எதிரே, சாப்பாடு டெலிவரி செய்யும் கவின்ராஜை அடித்துத் தூக்கிப் போட்டது. பையன் அங்கேயே போய்விட்டான். மகன்தான் ஓட்டினான் என்று லிங்கப்பண்ணன் அன்றைக்கே போலீசில் சொன்னார். மறுநாள் ஒரு டிரைவர் போய், ஓட்டியது நான் என்று சரணடைந்தான். வழக்கில் இருவர் பெயரும் இருந்தது; மகன் பெயரைச் சொல்ல மிஞ்சியது லிங்கப்பண்ணன் ஒருவர்தான். அதன்பின் அவர் கடைக்கு வண்டி வருவது நின்றுபோனது.

சாட்சி சொல்லும் நாள் நெருங்கியபோது மந்திரி வந்தார். காவலர்களைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்து, பழைய டயர் மேல் உட்கார்ந்தார். நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

"ஒடம்பு எப்படி இருக்குது லிங்கா?"

"இருக்குதுங்க."

"சக்கரை?"

"மாத்திரை போட்டுக்கறனுங்க."

"பாத்துக்க. தனியாக் கெடக்கற. ஏதாச்சும் ஒண்ணுன்னா நான்தான் வரோணும்."

"கேசு விசயமா வந்தீங்களா?"

"கேசா? அதை நான் பேசலாமா? கோர்ட்டு இருக்குது. நான் பங்காளி வூட்டுக்கு வந்தேன். கெம்பம்மா திதி வருதில்ல?"

எழுந்தவர் என் பக்கம் திரும்பினார். "டாக்டர் பட்டத்துக்குப் படிக்கறயாமா? நல்லது. அப்பா அந்த ரெண்டு ஏக்கராவுல மக்காச்சோளந்தானே போட்டிருக்காரு?"

எங்கள் நிலத்தைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை.

அவர் போனபின் லிங்கப்பண்ணன் ஸ்பேனரை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"அடியாளை அனுப்பியிருந்தா நான் பயந்திருக்க மாட்டேன் கண்ணு. பங்காளிக்கு எதிராக் கூண்டேறுனா எங்க சனத்துல எவன் என் வாசப்படி ஏறுவான்?"

"அவர் எந்த ஊர்ப் பங்காளிங்கண்ணா? ஓட்டுக்காக வந்தவரு."

"எல்லாருக்கும் முன்னால தலையாட்டுனது நான்தானே?"

"கவின்ராஜோட அம்மா உங்களைத்தானே நம்பியிருக்காங்க."

"தெரியும். அதைச் சொல்லாதே."

கோர்ட்டில் வக்கீல் கேட்டபோது, "ஓட்டுனது யாருன்னு சரியாப் பாக்கலைங்க" என்றார் லிங்கப்பண்ணன். பின்வரிசையில் கவின்ராஜின் அம்மா மகேஸ்வரியக்கா இருந்தார். மகன் படத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். என்னால் அவரைக் கூப்பிட முடியவில்லை.

மந்திரி மகன் விடுதலையானான். லிங்கப்பண்ணன் கடையைப் பூட்டிவிட்டு ஹனூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். யாருடைய வண்டியையும் தொடுவதில்லை என்கிறார்கள். நான் குண்டலுபேட்டையில் ஒரு கல்லூரியில் தேர்தல் முறைகள் பாடம் எடுக்கிறேன். நஞ்சுண்டசாமி டெல்லியில் இருக்கிறார். இந்த மாதம் அவரை கேபினட் மந்திரியாக உயர்த்தியிருக்கிறார்கள்.