சாட்சி தேடி வந்த வக்கீல்

பெரிய மனிதர்களுக்கு வாதாடியே பெயர் வாங்கிய கிரிமினல் வக்கீல் நான். பாகூர் பக்கம் ஒரு கரும்பு முதலாளி காரை ஏற்றிக் கூலித் தொழிலாளி ஒருவரைக் கொன்றுவிட்டார். நேரில் பார்த்த ஒரே சாட்சி, செத்தவரின் மனைவி. கூண்டில் அவளைக் கேள்விமேல் கேள்வி கேட்டுக் குழப்பினேன். முதலாளி விடுதலையானார். எனக்கு மாலை விழுந்தது.

போன மாதம் அவள் என் வில்லியனூர் ஆபீசுக்கு வந்தாள். திட்டித் தீர்க்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

“எம்புள்ளய திருட்டு கேசுல புடிச்சிட்டாங்க சார். அவன் எடுக்கல. நீங்கதான் வாதாடணும்.”

“வேற வக்கீலே கெடைக்கலியாம்மா?”

“எங்கண்ணால பாத்தத நானே சந்தேகப்படற மாதிரி பண்ணீங்களே சார், அது வேற யாருக்கு வரும்?”

அவள் குரலில் குத்தல் இல்லை. கைராசிக்கார டாக்டரிடம் வந்தவள் போலத்தான் பேசினாள்.

“புகார் குடுத்தது யாரு?”

“அதே மொதலாளிதான். கரும்புக் கொல்லையில தண்ணி மோட்டாரக் காணோமாம்.”

“அவர் என் கட்சிக்காரர். எதிர்த்து நிக்க முடியாதும்மா.”

“அப்ப எம்புள்ள உள்ளதான்” என்று எழுந்து போய்விட்டாள்.

எத்தனையோ பேர் எனக்குச் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். என் திறமையை அவள் அளவுக்கு நம்பியவர் யாருமில்லை.