அக்கா சொன்ன ஒரு பொய்

காலை ஐந்து நாற்பது. சிதம்பரத்தில் அக்கா வீட்டு உள்ளறையில் நான் முதலில் பார்த்தது தண்ணீர் பாட்டிலை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் அளந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும். அக்கா பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருப்பார். முந்தைய நாள் பங்கில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. பிறகுதான் கட்டிலைப் பார்த்தேன். மாமா அவர் காலடியில் உட்கார்ந்திருந்தார். "எழுப்புனேன்பா, எழுந்திரிக்கல" என்றார்.

ஓராண்டு ஆகிறது.

அக்கா அண்ணாகிராமத்தில் பிறந்தவர். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுப் புண்ணான கையோடு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதித் தேறினார். திருமணமாகிச் சிதம்பரம் வந்து, சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தார். தான் ஒரு வாய் தின்று பார்க்காமல் பிள்ளைகளுக்குச் சோறு போடமாட்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கடலூரில் வளரும் என் இரு மகள்களும் விடுமுறை முழுக்க அத்தை வீட்டில்தான்.

சிறுநீரகங்கள் செயலிழந்தபோது மாமாதான் தன்னுடையதில் ஒன்றைத் தர முதலில் முன்வந்தார். சர்க்கரை நோய் இருப்பதால் அவரிடம் எடுக்க முடியாது என்றார்கள். அடுத்து எனக்குச் சோதனைகள் நடந்தன. முடிவைக் கேட்டு வந்த அக்கா, "ஒன்னுது எனக்குச் சேராதாம்டா" என்றார். நான் இருபத்தாறு ஆண்டுகளாகப் பத்திரிகையில் இருக்கிறேன். இரண்டு பேரிடம் கேட்காமல் எந்தச் செய்தியும் அனுப்பியதில்லை. அக்கா சொன்னதை யாரிடமும் கேட்கவில்லை.

வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். விடியலிலேயே கடலூரிலிருந்து பேருந்தில் துணைக்குப் போவேன்; செவிலியர்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். பத்திரிகைக்காரன் என்று ஒதுங்குகிறார்கள் என நினைத்தேன். எட்டாம் மாதம் மருத்துவர் தனியே அழைத்தார். "கட்டாயப்படுத்தல சார். இப்பவும் நீங்க யோசிக்கலாம்." என்னுடையது பொருந்துகிறது. எனக்குத்தான் விருப்பமில்லை என்று அக்கா அங்கே சொல்லிவைத்திருந்தார்.

ஊசி ஏறிய கையை அசைக்காமல் படுத்திருந்தவரிடம் போய் நின்றேன்.

"எதுக்குக்கா பொய் சொன்ன?"

"சொன்னேன். நாளைக்குப் பேப்பர்ல போட்டுடு."

"தீவாளிக்குப் பொடவ வாங்கிக்கற. பொங்கச் சீரு லேட்டானா போன் போட்டுத் திட்டற. இது மட்டும் வாணாமா?"

"பொடவ கிழிஞ்சா வேற எடுத்துக்கலாம். ஒனக்கு ஒண்ணு ஆயிட்டா அந்தப் பொண்ணுங்க மூஞ்சிய நான் எப்படிடா பாக்கறது?"

மாமா குறுக்கே வந்தார். "பொறந்த வூட்டுச் சீரத் திருப்பி அனுப்பற மொத பொம்பள இவதான்."

அக்கா சிரித்துவிட்டார். "சரி, பெரியவ பரீட்ச முடியட்டும்" என்றார்.

முதல் சோதனை நடந்த வாரத்தில் அக்கா என் மனைவியிடம் பேசியிருக்கிறார். "நீங்க கேட்டா அவரு மாட்டேன்னு சொல்லமாட்டாரு அண்ணி" என்று மட்டும் மனைவி சொன்னாராம். அதன்பின் அக்கா என்னிடம் கேட்கவேயில்லை. இதை எழுதச் சொன்னவரும் என் மனைவிதான்.

தேர்வு முடிந்தது. மறுபடி சோதனைகள் செய்தோம். கொடுப்பவரையும் பெறுபவரையும் அனுமதிக் குழு நேரில் விசாரித்த பிறகே அறுவை சிகிச்சை. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம். "சரியானதும் மொதல்ல என்ன பண்ணுவீங்க அத்த?" என்று சின்னவள் கேட்டாள். "ஒரு சொம்புத் தண்ணிய ஒரே மூச்சுல குடிப்பேன்" என்றார் அக்கா. எட்டு நாள் கழித்து, உறக்கத்திலேயே அவர் இதயம் நின்றது.

செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் இப்போதும் எனக்கு மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி நின்றால், சன்னலோர இருக்கை காலியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

எந்த நேரமும் வண்டி எடுத்து வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், விவரம் தெரிந்த பிறகு என் கையைப் பிடித்து வருந்திய செவிலியருக்கும், மாமாவுக்கு இன்றுவரை சோறு அனுப்பும் பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அனுமதிக் குழுவின் கடிதம் அக்கா இறந்த பதினோராம் நாள் வந்தது. இருவரும் நேரில் வர வேண்டும் என்று அதில் இருந்தது.