பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

நேரத்தை எப்படி மிச்சப்படுத்துவது என்று எங்கள் ஈப்போ அலுவலகத்தில் பயிற்சி. சொல்லிக்கொடுக்க வந்த இளைஞர் கைப்பேசியில் மணியடிக்க விட்டார். அந்தச் சத்தத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடிக்கும். பால்மரம் வெட்டிப் பாலெடுக்கப் போகிறவர்கள் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல் கண்ட ஒருநாள், அம்மா என்னையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். பேர் பதியும் கிராணி அப்போதுதான் பெரட்டுப் புத்தகத்தை மூடியிருந்தார்.

"ஐயா, புள்ளைக்குக் காய்ச்சலுங்க."

"சோம்பேறி! நேரத்தோட எந்திரிக்கத் தெரியாதா? வீட்டுக்குப் போ."

மூன்றரைக்கே எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பால்வாளி கழுவி வைத்தவளுக்கு அவன் கொடுத்த பேர் அது. வீடு திரும்பியதும் அம்மா கடிகார முள்ளைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளினாள். அதன்பிறகு அவள் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து நான் பார்த்ததில்லை. தோட்டம் இல்லாமல் போய், ஈப்போவில் புந்தோங்குக்குக் குடிவந்தும் முள்ளைத் திருப்பவில்லை. என் கைக்கடிகாரமும் அப்படியே ஓடுகிறது. எனக்கும் நின்றுகொண்டுதான் தேத்தண்ணி இறங்குகிறது.

பயிற்சியில் எல்லாரிடமும் மணி கேட்டு வந்த இளைஞர் என் கையைப் பிடித்து உயர்த்தினார்.

"பாருங்க, அக்கா வாட்ச்ச பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா வச்சிருக்காங்க. நல்ல பழக்கம்லா! யாரு அக்கா கத்துக்கொடுத்தது?"

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"எங்கம்மாவச் சோம்பேறின்னு சொன்னவன்."