வாய்விட்டு எண்ணுங்கள் சார்

எங்கள் தொழிற்சாலையில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘அரை மில்லி’. உடம்புக்குள் கட்டியைத் தேடும் ஸ்கேன் மிஷினுக்குக் கண் செய்வது எங்கள் வேலை. கண் என்றால் சின்னச் சின்னப் படிகங்கள். ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளில் சுற்றி வரிசையாக ஒட்டவேண்டும். படிகத்தின் தடிமன் மில்லிமீட்டர் கணக்கு; மெலிய மெலியப் படம் தெளியும். “அரை மில்லியாவது குறைங்க சார்” என்று ஓயாமல் நச்சரிப்பாள்.

“நாலு மில்லி போதும்மா,” என்றார் தலைமை இன்ஜினியர். “எறும்புக்கா ஸ்கேன் எடுக்கப்போற?” எல்லோரும் சிரித்தோம். நானும்தான். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள இன்னும் தோன்றுகிறது.

இரண்டு வருடம் கழித்து அவளுடைய அக்காவை நாங்கள் செய்த மிஷினிலேயே படுக்கவைத்தார்கள். ஈரலில் ஒரு கட்டி என்றது படம். அதை ஊசி செலுத்திச் சுட்டு அழித்தார்கள். பக்கத்திலேயே, மூன்று மில்லி தள்ளி, இன்னொன்று இருந்தது. எங்கள் மிஷின் இரண்டையும் ஒரே திட்டாகக் காட்டியிருந்தது. விஷயம் தெரிவதற்குள் காலம் கடந்துவிட்டது. அக்கா போய்விட்டாள்.

கத்துவாள், வேலையை விடுவாள் என்று நினைத்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். ஏழு வருடம், சாப்பாட்டு நேரமெல்லாம் படிகத்தை இழைத்து இழைத்து ஒன்றரை மில்லிக்குக் கொண்டுவந்தாள். அதற்குள் போட்டிக் கம்பெனி முந்திக்கொள்ள, இன்ஜினியருக்கே அவள் தேவைப்பட்டாள். ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வராதா?

புதுக் கண் வெளியே போகுமுன் ஒரு வழக்கம் உண்டு. கட்டிகளுக்குப் பதிலாகச் சின்னக் குழிகளில் மருந்து நிரப்பிய சோதனைக் குடுவையைப் படமெடுப்போம். தலைமை இன்ஜினியர் அதில் தெரியும் புள்ளிகளை வாய்விட்டு எண்ணிக் கையெழுத்துப் போடவேண்டும். ஒன்றரை மில்லிக் கண்ணைச் சோதித்த அன்று குடுவையை அவளே செய்துகொண்டு வந்தாள்.

“எத்தனை சார்?”

“ரெண்டு. பிரமாதம்மா!”

இன்னொரு படத்தை நீட்டினாள். “இது?”

“ஒண்ணு.”

“அதே குடுவைதான் சார். இது நம்ம பழைய நாலு மில்லி.” குரல் உயரவே இல்லை. “அந்த ரெண்டு குழிக்கும் அளவு, எங்க அக்கா ரிப்போர்ட்ல இருந்து எடுத்தது.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “என்னம்மா இது...”

“போடுங்க சார். இனி எல்லா மிஷினுக்கும் இதே குடுவைதான். எண்ண வேண்டியது நீங்கதான்.”

போட்டார். அதற்குப் பிறகு மாதம் நாலு மிஷின் போகிறது. ஒவ்வொரு தடவையும் அவர் குனிந்தபடியே “ரெண்டு” என்கிறார். கேட்கவில்லை என்று இன்னொரு முறை சொல்லச் சொல்கிறாள் அவள்.