ஆர்லிஸின் காதில் ஏறிய அரைச்சுரம்

அமெரிக்காவின் துலூத் நகரத்து லூத்தரன் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்தியவள் ஆர்லிஸ் டோலெஃப்சன். மகா கோபக்காரி. எந்த ஒலியைக் கேட்டாலும் இன்ன சுரம் என்று சொல்லிவிடும் காது அவளுக்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தது. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால்கூட, "ஏ ஃப்ளாட். அதையும் ஒழுங்கா ஊதத் தெரியலை" என்பாள்.

ஐம்பது தாண்டியதும் தேவாலயத்து பியானோ அவளுக்குப் பகையாயிற்று. வெள்ளைக் கட்டை 'சி'யை அழுத்தினால், வலப்பக்கத்துக் கறுப்புக் கட்டையின் சி ஷார்ப் கேட்டது. எல்லாக் கட்டைகளும் அப்படியே, அரைச்சுரம் ஏறிக் கேட்டன. சுருதி சேர்க்க வந்தவரைத் திட்டியே விரட்டினாள்.

ஈஸ்டர் காலை. முதல் சரணத்துக்கு வாத்தியம் கிடையாது. ஆர்லிஸ் வழக்கம்போலத் தன் மனதிலிருந்தே 'ஜி' சுரத்தை முனகிக் கொடுத்தாள். குழு அழகாகத்தான் பாடியது. இரண்டாம் சரணத்தில் ஆர்கன் வாசிப்பவரான லோவெல் கட்டைகளைத் தொட்டார். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளைச் சேர்த்து அமுக்கியதுபோல் கோயிலே அலறியது.

ஆராதனை முடிந்ததும் அவர்மேல் பாய்ந்தாள்.

"ஊர் முன்னாடி மானத்தை வாங்கிட்டியே லோவெல்! நான் ஜி-லதானே எடுத்துக் கொடுத்தேன்?"

"இல்லை ஆர்லிஸ். அரைச்சுரம் கீழே, எஃப் ஷார்ப்ல கொடுத்தே."

"என் காதுக்கே பாடம் நடத்துறியா?"

"என்னை நம்ப வேணாம். சுருதி பார்க்கிற உன் இசைக்கவையைத் தட்டிக் கேளு."

முழங்காலில் தட்டினாள். 'ஏ' சுரத்தைத் தவிர வேறெதையும் தராத கவை அது. அரைச்சுரம் மேலே, பி ஃப்ளாட் கேட்டது. இன்னும் ஓங்கித் தட்டினாள். அதே பி ஃப்ளாட்தான். கவையைச் சுவரில் வீசியடித்தாள்.

"இரும்பு கெட்டுப்போகுமா?"

"கெடாது," என்றார் லோவெல், மெதுவாக.

வயதானால் சிலருக்கு இப்படி ஆகுமாம். மருந்தில்லை என்றார் மருத்துவர்.

"மருந்தில்லைன்னு சொல்றதுக்கு எதுக்குய்யா இந்த வெள்ளைக் கோட்டு?"

கோபம் தணியவே இல்லை. தாளில் ஒரு சுரம், காதில் வேறொரு சுரம். ஒவ்வொரு ஒத்திகையிலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தொடக்கச் சுரத்தை இப்போது லோவெல்தான் கொடுத்தார். ஆனால் எல்லாமே ஒரே அளவு ஏறிக் கேட்டதால், சுரத்துக்குச் சுரம் உள்ள இடைவெளி மட்டும் அவளுக்குத் தப்பவில்லை.

"ஆரின்! பாட்டு மேலே போகுது, நீ எங்கேய்யா பாதாளத்துக்குப் போறே?"

குழுவில் பாடும் ஆரின் விழித்தான். "உங்களுக்குக் காது போயிடுச்சுன்னு சொன்னாங்களே மேடம்..."

"போனது என் காது. அதோட சேர்ந்து உன் சுருதியும் எதுக்குய்யா போகுது? ஏத்து!"

ஏற்றினான்.