முப்பது பேரும் கையை மடியில் வைத்த நாள்

நீ யாருக்குக் கடன்பட்டவள் என்று மங்கையைக் கேட்டால் ரெண்டு பெண்களின் பேரைத்தான் முதலில் சொல்வாள். மலையனூர் அங்காளம்மன் கோவித்துக்கொண்டாலும் சரி, அம்மனுக்கு மூன்றாம் இடம்தான்.

1964 அறுவடைக் காலம். செஞ்சியில் ஒரு மண்டியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்க முப்பது பெண்கள் உட்காருவார்கள். மங்கைக்கு அப்போது நாலு மாதப் பெண் குழந்தை. பிள்ளையை உள்ளே கொண்டுவரக் கூடாது, மத்தியானம் வரை வெளியே போகவும் கூடாது என்பது மேஸ்திரி கோவிந்தசாமி போட்ட சட்டம். வெளியே வேப்பமரத்தில் கட்டிய ஏணைத் தூளியில் குழந்தை வீறிடும். உள்ளே இவளுக்கு மார்பு கட்டிக்கொண்டு புடவை நனையும். ஒருநாள் அழுது கேட்டதற்கு, ரெண்டு நாள் வேலை கிடையாது என்று துரத்திவிட்டான். அந்த மகராசனும் ஒருத்தியிடம் பால் குடித்து வளர்ந்தவன்தான்.

மங்கை வேலைக்குத் திரும்பிய அன்று பக்கத்தில் உட்கார்ந்து உடைத்தவள் முன்னி, அவலூர்பேட்டையில் பீடி சுற்றியவள்; கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்தவள்.

"அங்க நல்ல பீடியையும் கழிச்சிப் போட்டு கூலியக் கொறச்சாங்க. ஒருத்திய பேச அனுப்புனோம், அவ வேல போச்சி. அப்பறந்தான் புத்தி வந்துச்சி. எல்லாரும் வேல செய்யாம கைய மடியில வச்சிக்கினோம். எட்டாம் நாளு ஏஜெண்டே எறங்கி வந்தான்" என்றாள்.

"அப்ப நான் இன்னாக்கா பேசறது?"

"நீ வாயே தொறக்காத."

மங்கைக்கு நம்பிக்கை இல்லை. ஊர் கூடித் தேர் இழுப்பார்கள், சரி. அடுத்தவள் பிள்ளைக்காக யார் தன் கூலியைப் பணயம் வைப்பார்கள்?

மறுநாள் குழந்தை அழுததும் முன்னி கையை மடியில் வைத்தாள். அடுத்து தனகோட்டி, பிள்ளையே பெறாதவள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும். ஓடு உடையும் சத்தம் அடங்க, அழுகை மண்டி முழுக்கக் கேட்டது. எண்ணெய் மில்லுக்குப் போகவேண்டிய லாரி சரக்கு ஏறாமல் வாசலில் நின்றது. முதலாளி ராமகிருஷ்ணன் பதறிக்கொண்டு வந்தார்.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"கொழந்த அழுவுது மொதலாளி, கை ஓட மாட்டேங்குது" என்றாள் தனகோட்டி.

அவர் லாரியைப் பார்த்தார். "சரி, போயி பால் குடுத்துட்டு வரட்டும்."

"தெனமுமா?" விடவில்லை தனகோட்டி.

"தெனமுந்தான், போம்மா!"

மங்கை ஓடினாள். குழந்தை வாய் வைத்து அழுகை ஓய்ந்த பிறகே உள்ளே வேலைச் சத்தம் கேட்டது. அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

திரும்பி வந்ததும் தனகோட்டியின் காலைத் தொடக் குனிந்தாள். தனகோட்டி காலை இழுத்துக்கொண்டாள்.

"கால உடு. புள்ளைக்கு வயிறு ரொம்பிச்சா?"