பலகை சேர்ந்த கோடு

எந்தக் கல்தூணைக் காட்டினாலும் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரே தீர்ப்புதான் சொல்வார். "இது செதுக்குனது இல்ல. ஊத்துனது."

அவருக்குச் சென்ட்ரிங் தொழில். ஒத்தக்கடையைச் சுற்றி வீடுகள் முளைத்துக்கொண்டே இருந்த காலம் அது. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பலகை அடித்து அச்சுக் கட்டவேண்டும், இறுகியபின் பிரிக்கவேண்டும். பகலெல்லாம் இதையே பார்க்கிற மனிதரின் செல்போனில், ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வீடியோ வந்து மாட்டியது. பழங்காலத்தில் கல்லைக் குழம்பாக்கி வார்க்கும் ரகசியம் இருந்ததாம், அது அழிந்துபோய்விட்டதாம். அன்றிலிருந்து மாமா கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்ப்பதில்லை, தூணைத் தட்டிப் பார்ப்பார்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. கேள்வி கேட்டே ஆட்களை எழுந்து ஓடவைக்கிற பிள்ளை. வீட்டில் என் கேள்விக்கு நின்று பதில் சொன்னவர் மாமா ஒருவர்தான். பதில் சரியா தப்பா என்பது வேறு விஷயம், நின்றார். அதனால் அவருடைய கட்சியில் நான் சேர்ந்துவிட்டேன். மொத்த உறுப்பினர்களே நாங்கள் இரண்டு பேர்தான்.

பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு யானைமலை அடிவாரத்துக் குடைவரைக் கோயிலுக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு தூணில் மேலிருந்து கீழாக மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. மாமாவுக்குப் புதையல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"பாத்துக்கங்க. ரெண்டு பலகை சேருற எடத்துல சிமெண்டுப் பால் கசிஞ்சா இப்பிடித்தான் கோடு விழும். நான் தெனம் பாக்குறது."

பெரியப்பா மலையை அண்ணாந்து பார்த்தார். "அப்ப இந்த மலைக்கும் சென்ட்ரிங் போட்டது நீதானா மாப்ள? தும்பிக்கைக்கு மட்டும் எம்புட்டுப் பலகை ஆச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா அசரவில்லை. "சிரிங்க மச்சான். இவ பள்ளிக்கூடத்துல கண்காட்சி வருது. ஒரு தூண ஊத்திக் கொண்டாந்து நிறுத்துறோம். அன்னைக்கி வந்து பேசுங்க."

சொன்னபடி ஊற்றினோம். கல் அறுக்கிற பட்டறையில் சேரும் மாவு, சுண்ணாம்பு, கடுக்காய் ஊறிய தண்ணீர், வெல்லம். வெல்லம் எவ்வளவு என்று வீடியோக்காரர் சொல்லவில்லை. கூடுதலாகப் போட்டால் பிடிப்பு வரும் என்று மாமா முடிவுசெய்தார். அம்மா வெல்லப் பானையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன்டா, தூண் ஊத்துறியா, கொழுக்கட்டை பிடிக்கிறியா?"

நெடுக்காகப் பிளந்த பிளாஸ்டிக் குழாய்தான் அச்சு. ஈரச் சாக்கைச் சுற்றி வைத்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தச் சாக்கைத்தான்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மதியம், ஆதாரமாக அந்தக் கோட்டைப் படம் பிடித்து ஒட்டவேண்டும் என்று மாமாவும் நானும் மறுபடி கோயிலுக்குப் போனோம். கூட்டம் இல்லை. மாமா போனை வைத்துக்கொண்டு வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் சும்மா நிற்க வராதே. கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே பார்த்தேன். தூண் முடிந்த இடத்தில் கோடு முடியவில்லை, விதானத்தில் ஏறி ஓடியது. பின்னாலேயே போனேன். வெளியே வந்து பார்த்தால், யாரும் உளி வைக்காத வெறும் பாறையிலும் அதே கோடு, அதே போக்கில், மலைக்குள் போய்க்கொண்டிருந்தது.

 ஊற்றிய தூணின் கோடு மலைக்குள் எப்படிப் போகும்? சொன்னால் மாமாவின் கட்சி அத்தோடு சரி. பெரியப்பா நாளைக்கு இதற்காகவே வருகிறார். அதைவிடப் பெரிய பயம், இனி என் கேள்விக்கு மாமா நிற்கமாட்டாரோ என்பது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"மாமா, பலகை சேர்ந்த கோடுன்னா, அது ஏன் மலைக்குள்ள போகுது?"

"எண்ணெய்க் கறையா இருக்கும்" என்றார், திரும்பாமலே.

பிறகு வந்து பார்த்தார். துண்டு நுனியால் தேய்த்தார். நகத்தால் சுரண்டினார். போன் வெளிச்சத்தைப் பாறையில் தொடங்கி, விதானம் வழியாகத் தூணில் இறக்கி, தரைவரை கொண்டுவந்தார். தரையிலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஆமாடி. இது மலையோட கோடு. செதுக்குனவன் மலைய விட்டுத் தூணப் பிரிக்கவே இல்ல, சுத்தி இருந்தத மட்டும் எடுத்துருக்கான்." எழுந்து துண்டை உதறிக்கொண்டே, "நாளைக்கி இதையே சொல்லு" என்றார்.

"பெரியப்பா சிரிப்பாருல்ல?"

"அவரு என்னைக்கித்தான் சிரிக்கல?"

மறுநாள் சாக்கைப் பிரித்தால், தூணுக்கு முன்பே எறும்புகள் கண்காட்சிக்குத் தயாராக இருந்தன. அப்படியே ஆட்டோவில் ஏற்றினோம், மாமா தன் பைக்கில் பின்னாலேயே வந்தார். மேசையில் ஒரு பக்கம் எங்கள் தூண், மறுபக்கம் கோட்டின் படங்கள். வந்தவர்களிடமெல்லாம், ஊற்றியது என்று நாங்கள் நினைத்ததையும் அது இல்லை என்று எப்படித் தெரிந்தது என்பதையும் மூச்சுவிடாமல் சொன்னேன். பெரியப்பா குனிந்து பார்த்தார்.

"மாப்ள, ஒன் தூண எறும்பு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகுது."

"போகட்டும் மச்சான். எங்கட்சி நேத்தே கலைஞ்சிருச்சு. கலைச்சது யாரு தெரியும்ல? எம்மருமக" என்றார் மாமா. பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் மாமா முன்பின் தெரியாத ஆட்களை எல்லாம் கையைப் பிடித்து மேசைக்கு இழுத்துவந்தார். "எம்மருமக கண்டுபிடிச்சது, கேளுங்க, கேட்டுட்டுப் போங்க."

தான் ஆசையாக வைத்திருந்த ஒன்றை உடைத்தவளுக்கு அவரே ஆள் பிடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு பெரிய படிப்புப் படித்த பலரிடம் 'இது ஏன் இப்படி?' என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் கேட்கிறேன் என்றால், அது மாமா கொடுத்த தைரியம். நேரில் ஒருமுறை இதைச் சொல்லப்போனேன். "போடி, வேலையப் பாரு" என்றுவிட்டார்.

கண்காட்சி முடிந்த அன்று சாயங்காலம் அவருடைய வண்டியில் திரும்பினோம். நான் கோட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். வழியில் யானைமலை வந்தபோதும் மாமா அந்தப் பக்கம் திரும்பாமலே ஓட்டினார். கடைசியில், "வண்டில ஏதோ சத்தம் வருது, கொஞ்சம் பேசாம வா" என்றார். நானும் அவர் முதுகில் காதை ஒட்டிவைத்து வீடுவரை உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது மாமா என்று, இறங்கியதும் சந்தோஷமாகச் சொன்னேன்.